அருந்ததி உதிக்காத ஊர்

மெல்பர்னின் கிளென் வேவர்லியில் வீடு வாங்குகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்காக வாங்குவார்கள். யாமினியும் அப்படித்தான் வாங்கினாள். மகள் வர்ஷா அந்தப் பள்ளியில் படித்து முடித்து, கல்லூரிக்கு பிரிஸ்பேன் போய்விட்டாள். வீடு மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பகலில் யாமினிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. சாயங்காலம் துணி இஸ்திரி போட்டுக்கொண்டே தமிழ் சீரியல் பார்ப்பாள். அந்த சீரியல்கள் ஆஸ்திரேலியாவில் திறக்காது என்பதால் கணவன் வாசுதேவன் அவளுடைய டேப்லெட்டில் ஏதோ ஒரு வித்தை செய்து, அது சென்னையில் இருப்பதாக அதையே நம்ப வைத்திருந்தான். கணினித் துறையில் இருபது வருஷ அனுபவம் குடும்பத்துக்குப் பயன்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று யாமினி விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு.

ஒரு நாள் சீரியலுக்கு நடுவே ஏதோ விளம்பரத்தைத் தவறுதலாகத் தொட்டு, அவள் ஒரு வானியல் வகுப்புக்குள் போய் விழுந்தாள். இலவசம். வீடியோ பார்த்து, கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ். முதல் சான்றிதழை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒரு வருஷத்தில் ஃப்ரிட்ஜின் நிறம் என்னவென்று மறந்துபோனது.

அதற்குள் இணையத்தில் வானம் இருக்கிற இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டீச்சர்களுக்கென்று அச்சடிக்கத் தயாராக இருக்கும் பாடத்தாள்கள், கோள்களைச் சுற்றிக் காட்டும் பக்கங்கள், தேதியும் நேரமும் கொடுத்தால் அந்த நேரத்து வானத்தை அப்படியே திரையில் விரிக்கும் ஒரு தளம். எல்லாம் ஆங்கிலம். அவற்றைத் தமிழாக்க, தானாக மொழிபெயர்க்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். எரிநட்சத்திரம் ‘சுட்டுத் தள்ளும் நட்சத்திரம்’ என்று வந்தது. அதற்குப் பிறகு அகராதியை வைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்து எழுதினாள்.

"யாருக்குடி இதெல்லாம்?" என்றான் வாசுதேவன்.

"சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு."

"அங்க பிள்ளைங்களுக்கு றகரம் ரகரமே தகராறு. நீ கருந்துளை சொல்லித் தரப் போறியா?"

"கருந்துளைல ரெண்டு ரகரம் கிடையாது. போதுமே."

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை சச்சிதானந்தன். யாழ்ப்பாணத்துக்காரர், எல்லோருக்கும் மாஸ்டர், யாமினிக்கு மட்டும் சார். பிப்ரவரியில் அவர் சனிக்கிழமை ஒரு மணி நேரத்தை மனமில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

"அரை வருசத்துக்குத் தாறன் யாமினி. ஜூன் மாதம் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு பின்னேரம் வானத்து வெள்ளியளைக் காட்டுங்கோ. சனம் சந்தோசப்பட்டால் பாப்பம். இல்லையெண்டால் அந்த மணித்தியாலத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையளின்ர பரீட்சைக்குக் குடுத்திடுவன். சொல்லிப் போட்டன்."

யாமினிக்கு அந்த ஒரு மணி நேரம் வாரத்தின் மற்ற எல்லா மணிகளையும் விடப் பெரியது. ஆஸ்பத்திரியில் அவள் ‘அடுத்தது யார்’ என்று கூப்பிடுகிற குரல். வீட்டில், சாம்பாரில் உப்பு குறைந்தால் மட்டும் நினைவுக்கு வருகிறவள். அந்த வகுப்பில் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள்.

ஐந்து மாதம் பாடம் நடத்தினாள். ஒவ்வொரு பாடத்துக்கும் அந்த வானத் தளத்தைத் திறந்து, நேரத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்குத் தள்ளி வைத்து, தெரிகிறதைப் படமாக எடுத்து, தமிழில் பெயர் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டாள். ஜூன் மாதப் படம் அபாரமாக அமைந்தது. வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம், அதில் வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. கீழே, கூரை உயரத்தில் துருவ நட்சத்திரம். கல்யாணத்தில் காட்டுகிற அருந்ததியை நேரிலேயே காட்டினால் பெற்றோர் விழுந்துவிடுவார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள்.

வெளியே போய் நிமிர்ந்து பார்த்தாளா என்றால், பார்த்தாள். துணி காயப்போடுகிற இடத்திலிருந்து இரண்டு மூன்று தடவை. படத்தில் இருந்தது மேலே இல்லை. மெல்பர்ன் மேகத்தையும் தெருவிளக்கையும் திட்டிவிட்டு உள்ளே வந்தாள். திரையில் இருப்பது தப்பாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. சான்றிதழ் கொடுத்ததே அந்தத் திரைதானே.

அந்தச் சனிக்கிழமை பார்த்து மேகம் விலகித் தொலைத்தது. ஆறு மணிக்கே நல்ல இருட்டு. பள்ளி மைதானத்தில் ஜாக்கெட்டும் குல்லாயுமாக ஐம்பது பேர். ஒரு மேசையில் ரோல்ஸ், வடை, தேத்தண்ணீர். எல்லோர் கையிலும் யாமினியின் படம்.

"எல்லாரும் வடக்குப் பக்கம் திரும்புங்க. கூரைக்குக் கொஞ்சம் மேல, தனியா ஒரு நட்சத்திரம். அதுதான் துருவன்."

ஐம்பது பேரும் வடக்கே திரும்பினார்கள்.

"கண்டிட்டன்!" என்றாள் தர்சினி. இரண்டு பிள்ளைகளை வகுப்பில் விட்டிருப்பவள்; பேசாமல் இருக்கத் தெரியாதவள். "சிவப்பா மின்னுது."

"துருவன் சிவப்பா இருக்காதே..."

"அது ஷொப்பிங் சென்ரருக்குப் பக்கத்தில கட்டுற பில்டிங்கின்ர கிரேன்," என்றான் அவள் கணவன் பிரேம்நாத்.

"சரி, அதை விடுங்க. இப்ப நல்லா மேல பாருங்க. ஏழு நட்சத்திரம், கரண்டி மாதிரி."

கரண்டி இல்லை. ஒரு விமானம் போனது. குழந்தைகள் அதற்குக் கை தட்டினார்கள். சச்சிதானந்தன் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"துருவன் லேட்டோ, யாமினி? எங்கட நிகழ்ச்சியெண்டால் அவருக்கும் அரை மணித்தியாலம் பிந்தி வாற பழக்கம் வந்திட்டுதோ?"

சிரிப்பு எழுந்தது. யாமினி டேப்லெட்டை எடுத்து வானத் தளத்தைத் திறந்து, இதுவரை தொட்டதே இல்லாத ‘இப்போது’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

திரை முழுக்க நீல வானம். கீழே பச்சைப் புல். உச்சிக்கு மேற்கே ஜோராக ஒரு சூரியன்.

எட்டிப் பார்த்த ஒரு பிள்ளை உரக்கச் சொன்னது: "மிஸ், யுவர் ஸ்டார் ஆப் ஹாஸ் த சன் இன் இட்."

இப்போது சிரிப்பு மைதானத்தின் அந்தக் கோடி வரை போனது. வாசுதேவன் கையில் வடையோடு வந்து எட்டிப் பார்த்தான். மெல்வதை நிறுத்தினான்.

"யாமி... சென்னைல இப்ப மத்தியானம்."

"அதுக்கு?"

"சீரியலுக்குன்னு நான்தானே மாத்திக் குடுத்தேன். இந்த டேப்லெட்டைப் பொறுத்தவரை நீ சென்னைல இருக்கே."

"அப்ப அஞ்சு மாசமா நான்..."

"சென்னை வானத்தைத்தான் சொல்லிக் குடுத்திருக்கே. ரொம்ப நல்லாவே சொல்லிக் குடுத்திருக்கே."

அந்த நேரத்தில் அவனுக்கு விழுந்திருக்க வேண்டிய அடி, கையில் டேப்லெட் இருந்ததால் விழவில்லை. யாமினி இடத்தை மெல்பர்ன் என்று மாற்றினாள். கரண்டி காணாமல் போனது. துருவன் தரைக்கு அடியில் கிடந்தான். தேதியை மாதம் மாதமாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மென்று முழுங்காமல் சொன்னாள்.

"உங்க கையில இருக்கிறது சென்னை வானம். தப்பு என்னோடது. துருவ நட்சத்திரம், சப்தரிஷி, அருந்ததி எதுவும் இங்க தெரியாது."

"இண்டைக்குத் தெரியாதோ, எண்டைக்குமே தெரியாதோ?" என்று கேட்டாள் தர்சினி.

"என்னைக்குமே. மெல்பர்ன்ல அருந்ததி உதிக்கிறதே இல்ல."

தர்சினி மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, எங்கட கலியாணம் இஞ்ச மெல்பர்னிலதானே நடந்தது? ஐயர் அருந்ததியைக் காட்ட, நீங்கள் ‘ஓம், வடிவாத் தெரியுது’ எண்டு சொன்னனீங்கள். என்னத்தையப்பா பாத்தனீங்கள்?"

"ஐயர் கை காட்டின பக்கம் எக்சிட் போர்ட் ஒண்டு பச்சையா எரிஞ்சது," என்றான் பிரேம்நாத். "நீரும்தானே தெரியுது எண்டனீர்?"

"எனக்குப் பசி. ஓம் எண்டால்தானே சாப்பாடு?"

இதைக் கேட்டு மற்றவர்களும் அவரவர் கல்யாணத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தர் மண்டபத்து ஏசி மெஷினைப் பார்த்துக் கும்பிட்டிருந்தார். சச்சிதானந்தன் மகளின் திருமணத்தில் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எண்பது பேர் அருந்ததி பார்த்திருந்தார்கள். "நான் போட்டோவும் எடுத்து வச்சிருக்கிறன்," என்றார் அவர்; பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "சரி யாமினி, பகிடி காணும், சிரிச்சது போதும். தெரியாததைச் சொல்லிப் போட்டீங்கள். தெரியிறது ஏதும் இருக்கோ?"

யாமினி திரையைப் பார்த்தாள். பெயர்களை இந்திய முறையில் காட்டச் சொல்லி எப்போதோ மாற்றி வைத்திருந்தாள். கிழக்கே பாதி உயரத்தில் சிவப்பாக ஒன்று. வானத்திலும் அதே இடத்தில் அதே சிவப்பு.

"அது கேட்டை," என்றாள்.

"எந்தக் கேட்டை?" தர்சினியின் குரல் மாறிவிட்டது. "அர்ச்சனைக்குச் சொல்லுற கேட்டையோ? அது என்ர நட்சத்திரமெல்லோ!"

"அதேதான்."

"நான் அதைப் பேர் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். உண்மையா அங்க ஒண்டு இருக்குதே?"

அவள் தலையை அண்ணாந்தபடியே நின்றாள். அவள் பேசாமல் நிற்பதை எல்லோரும் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நொடி பிரேம்நாத் முன்னால் வந்தான்.

"பிரேம்நாத். மகம்."

கோயிலில் ஐயரிடம் சொல்வது போலவே சொன்னான். யாமினி வடமேற்கே கை காட்டினாள். அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. பெயர், நட்சத்திரம், பெயர், நட்சத்திரம். சித்திரைக்காரர்கள் உயரத்தில், பளிச்சென்று கிடைத்ததில் கொஞ்சம் அலட்டிக்கொண்டார்கள். சுவாதி வாசுதேவனுடையது. "பாத்தியா, எப்படி ஜொலிக்குது!" என்றான். "உன்னது கூரைக்குக் கிட்ட இருக்கு, அடங்கு," என்றாள் யாமினி.

நட்சத்திரம் அப்போது வானத்தில் இல்லாத அசுவினிக்காரர்களும் பரணிக்காரர்களும் பந்தியில் இலை கிடைக்காதவர்கள் போல நின்றார்கள். கடைசியில் சச்சிதானந்தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சச்சிதானந்தன். ரோகிணி."

"உங்க ரோகிணி இப்ப சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு சார். தெரியாது. வருஷக் கடைசியிலதான் சாயங்காலத்துல வரும்."

"வருசக் கடைசியிலயோ?"

"ஆமா. ஆனா அதுக்குள்ள வகுப்பை நிறுத்திடுவீங்களே சார்."

"நிப்பாட்டுறன் எண்டு ஆர் சொன்னது?" என்றார் சச்சிதானந்தன், உண்மையாகவே கோபமாக. பின்னாலிருந்த பரணிக்காரர்களும் "ஆர் சொன்னது?" என்றார்கள். "டிசம்பர் வரைக்கும் எடுங்கோ. ஆனால் அந்தப் பெட்டியை முதல் சென்னையிலிருந்து கூப்பிடுங்கோ."

கூட்டம் கலைந்து மேசைகளை மடித்தபோது யாமினி தென்கிழக்கே திரும்பி நின்றாள். தேளின் வால் போல வளைந்து வந்து, கொடுக்கு இருக்கும் இடத்தில் இரண்டு நட்சத்திரங்கள். மூலம். திருச்சியில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் நாலு வீடுகள் ஜாதகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போயின. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாதாம். வாசுதேவனுக்கு அப்பா முன்பே இறந்துவிட்டதால் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. தரகர் அதை ஒரு வசதியாகவே எடுத்துச் சொன்னார்.

"எதுடி?" என்று பக்கத்தில் வந்தான் வாசுதேவன். காட்டினாள். கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"இதுக்கா அந்த அலறு அலறினாங்க? அது பாட்டுக்கு இருக்கு."

"ம்," என்றாள். "நாற்காலியைத் தூக்கு."

இப்போது வாசுதேவனின் பழைய ஃபோன் வானத்துக்கு. அது மெல்பர்னில் இருக்கிறது. டேப்லெட் சென்னையிலேயே இருக்கிறது. சீரியலில் கல்யாணம் வரப்போகிறது. இந்தத் தடவை அருந்ததி காட்டும்போது மாப்பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கவனிக்க, யாமினி இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு உட்காருவதாக இருக்கிறாள்.