மரத்துப்போன மூன்று விரல்கள்

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘வலிக்காத அக்கா’ என்று பெயர். ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டு வரும் குழந்தைகள் வைத்த பெயர் அது. இடது கை விரலால் நரம்பைத் தடவிக் கண்டுபிடிப்பாள். வலது கை ஊசியை இறக்குவது தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமையானால் அதே இடது கை பேஸ் கிடாரின் கழுத்தைப் பிடித்திருக்கும். அவளும் டிரம்ஸ் வாசிக்கிற தம்பியும் இன்னும் மூன்று பேருமாகப் பதினோரு வருஷமாக ஒரு இசைக்குழு நடத்திவந்தார்கள்.

அன்று காலை ஒரு தையல்காரர் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். அவள் அவருடைய முழங்கை மடிப்பில் விரலை வைத்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. இன்னும் அழுத்தினாள். கனத்த துணிக்கு மேலே தொடுவதுபோல இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் செத்துக் கிடந்தன.

மூன்று வாரமாகவே காலையில் கையை உதறிக்கொண்டுதான் எழுந்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்னும் ஒன்பது நாளில் நகர அரங்கில் கச்சேரி. அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை.

“என்னம்மா, நரம்பு ஒளிஞ்சுக்கிச்சா?” என்று தையல்காரர் சிரித்தார்.

குத்திவிடலாம், பழகிய கைதானே என்று ஒரு கணம் தோன்றியது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டாள். “இவர நீ பாரு.”

அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இயன்முறை சிகிச்சை அறை இருந்தது. அங்கே வேலை பார்ப்பது அவளுடைய நாத்தனார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம். மாமியார் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, “கிடார் தூக்கிட்டுப் போறவங்களுக்கு அம்மாவ பாக்க நேரம் ஏது?” என்று நாத்தனார் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அந்தச் சொல் முள்ளாகத் தங்கிவிட்டது. படியில் பாதி இறங்கி நின்றாள். திரும்பிவிடலாமா? விரல்களை மடக்கிப் பார்த்தாள். இறங்கினாள்.

விரல் மரத்துப்போவதைச் சொன்னாள்; நாத்தனார் நலம்கூட விசாரிக்கவில்லை. “ரெண்டு மணிக்கட்டையும் கீழ மடக்கி, புறங்கைய ஒட்டி வைங்க. ஒரு நிமிஷம்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது விநாடிகூட ஆகவில்லை, விரல்களில் எறும்பு ஊறுவதுபோல் ஆரம்பித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“மறைக்காதீங்க அண்ணி. மூஞ்சியே சொல்லுது. சாயங்காலம் கிடார எடுத்துட்டு வாங்க.”

மாலையில் கிடாரை மாட்டிக் காட்டினாள். தோள் வார் நீளமாக இருந்ததால் கிடார் தொடைவரை தொங்கியது. மேடையில் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று தம்பிதான் அப்படி இறக்கிவிட்டிருந்தான். அவ்வளவு கீழே இருக்கிற கம்பியை எட்ட அவள் மணிக்கட்டு கொக்கிபோல் வளைந்தது.

“இப்படித்தான் மணிக்கணக்கா வாசிக்கிறீங்களா? விரலுக்கு உணர்ச்சி கொண்டுபோற நரம்பு அந்த மடிப்புல நசுங்குது அண்ணி.” நாத்தனார் வாரைச் சுருக்கிக் கிடாரை நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்தாள். அதன் கழுத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தாள். மணிக்கட்டு தானாக நேரானது. “கட்டைவிரலால கழுத்த நெரிக்காதீங்க. பின்னால சும்மா தாங்கினா போதும். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் கைய எடுத்துடுங்க. ஆனா இதெல்லாம் பிறகு. இப்ப ஆறு வாரம் தொடக்கூடாது.”

“ஒம்பது நாள்ல கச்சேரி இருக்கு.”

“வாசிங்க. அப்புறம் ஊசி பிடிக்கிற வேலையையும் சேத்து விட்டுடுங்க.”

அவள் கண் கலங்கியதை மறைக்கக் கிடாரை உறையில் போடக் குனிந்தாள்.

தம்பி குதித்தான். “இப்ப வந்து சொல்றியேக்கா! நாங்க எங்க போய் முட்டிக்கிறது?”

“முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான். ஆனா இன்னைக்கு ஒருத்தர் கைய தொட்டேன்டா, கையின்னே தெரியல.”

அவன் போனை எடுத்துக் குழுவின் கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டான்.

கச்சேரியன்று பேஸ் பகுதியைக் கீபோர்டுக்காரர் இடது கையால் சமாளித்தார். மணிக்கட்டில் பட்டையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒவ்வொரு தவறும் சுருக்கென்று தைத்தது. கைதட்டல் வந்தபோது அவளால் தட்டவும் முடியவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் ஆறு வாரம் பதிவேட்டு மேசையில் உட்காரவைத்தார்கள். உணர்வு விரல் நுனிவரை வந்துசேர நாலு மாதம் பிடித்தது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று, மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து, முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து என்று பழகினாள். “கிடார் மேல தாடைய வச்சுத் தூங்கப் போறியா?” என்று தம்பி கிண்டலடித்தான். அவள் வாரை இறக்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மறுபடி மேடை ஏறினாள். முன்வரிசையில் நாத்தனார். அவள் பாட்டைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை; பார்வை முழுக்க அண்ணியின் இடது கையில். மூன்றாவது பாட்டில் வேகம் கூடியது; தன்னை மறந்து வாசித்ததில் மணிக்கட்டு மெல்ல மடங்கத் தொடங்கியது. கீழே நாத்தனார் தன் கையை உயர்த்தி, பலகைபோல் நேராக நிறுத்திக் காட்டினாள்.

தாளம் தப்பாமல் அவள் மணிக்கட்டை நிமிர்த்தினாள்.