தென்சுவர்ப் பெண்

2006-இல் அரியலூரில் சுண்ணாம்புக்கல் குவாரிகளை அளக்கும் வேலை எனக்கு. லேசர் ஸ்கேனர் என்ற புதுக் கருவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஸ்டாண்டில் நிறுத்தினால் அதுவே சுற்றிச் சுற்றி, எதிரில் இருப்பதையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்துவிடும். அதைத் தொட்ட நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம். குவாரி வெடியில் பக்கத்து ஊர்ச் சிவன் கோயில் விரிசல் விடுமோ என்று பேச்சு கிளம்பியதால், அதையும் பதிவு செய்யச் சொன்னார்கள்.

கோயிலின் தென்சுவரில் கைகூப்பி நிற்கும் ஒரு பெண் சிற்பம், முழ உயரம். சுகப்பிரசவம் வேண்டி ஊர்ப் பெண்கள் எண்ணெய் தடவித் தடவி, கருகருவென்று பளபளத்தாள். தென்சுவரை ஸ்கேன் செய்த அன்று சாயங்காலம் லாட்ஜில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் அவள் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. எண்ணெய் மினுங்கும் கறுப்பில் லேசர் சரியாகத் திரும்பி வராது. எண்ணெயைத் துடைத்து, மாவு தூவி மறுபடி எடுத்திருக்கவேண்டும். ஊர்ப் பெண்களிடம் அதற்குச் சம்மதம் கேட்கவேண்டும், இன்னொரு நாள் போகும். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. ஓட்டையை அடைக்க மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அடைத்தேன். சுவர் வழவழவென்று ஆகிவிட்டது.

மறுநாள் மிச்சச் சுவர்களை முடித்துக் கிளம்பக் கருவியை மூட்டை கட்டும்போது, கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா வந்தார். அவருக்கு அந்தச் சிற்பம்தான் சாமி.

"அவளையும் எடுத்துட்டீங்களா சார்?"

"எடுத்தாச்சுக்கா."

அடுத்த வருடம் கும்பாபிஷேகத்துக்காகச் சுவர்களின் அழுக்குப் போக மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். சில நாள் கழித்து அந்த அக்கா பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"மூஞ்சி தேஞ்சிடும்னு நான் குறுக்க நின்னேன் சார். அப்புறம்தான் நீங்க எடுத்து வச்சிருக்கீங்கன்னு ஞாபகம் வந்துச்சு. அதப் பாத்து திரும்பச் செதுக்கிக்கலாம், அடிங்கன்னு நாந்தான் வெலகிட்டேன். இப்ப மூஞ்சியே இல்ல. ஒரு படம் போட்டுக் குடுங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தென்சுவரைத் திரையில் திறந்தேன். அவர் கிட்டே குனிந்து நெடுநேரம் பார்த்தார். நான் ஏமாற்றியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"வேற செவுத்தத் தொறந்துட்டீங்க சார்."

"ஆமாக்கா," என்றேன்.

"தேடி வைங்க. வெள்ளிக்கெழம சிற்பியக் கூட்டிட்டு வரேன்."

வியாழக்கிழமையே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நான் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டேன்.