நாயும் இரண்டு சப்பாத்தும்

மரியரட்ணத்துக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. பஸ் வர ஐந்து நிமிடம் கிடக்கிறதென்றால் அடுத்த தரிப்புக்கு நடந்துவிடுவான். பாதி வழியில் பஸ் அவனைத் தாண்டிப் போய்விடும். அதற்காக அடுத்த நாள் நடக்காமல் விட்டானா? விடமாட்டான். தேத்தண்ணியைக்கூட நின்றுகொண்டு குடிக்கிற மனிதனை என்ன செய்வது!

ரொறொன்ரோவில், மில்லிக்கன் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, நீக்கிலாப்பிள்ளை என்ற மூத்தவரோடு அறை பகிர்ந்து இருந்தான். மனைவி யூஜினி கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் கனடா விசாவுக்குக் காத்துக் கிடந்தாள். மன்னாரில் கலியாணம் முடித்து ஐந்தாம் மாதம் இவன் கப்பல், பிளேன் என்று ஏறியவன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் கடிதமும் படமும்தான் குடும்பம்.

படம் என்றால் எப்படிப்பட்ட படம் என்று கேட்க வேண்டாம். வந்தவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். யாரோ ஒருவனுடைய சிவப்புக் காரில் சாய்ந்தபடி ஒன்று, வீட்டுக்காரரின் பெரிய பிரிஜ்ஜைத் திறந்து பிடித்தபடி ஒன்று, முதலாளியின் புல்வெட்டும் மெசினில் ஏறியிருந்து ஒன்று. இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பார்க்கிறவர்களுக்கும் விசயம் தெரியும். படத்துக்கு நிற்கிறவன் வெறுங்கையோடு நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றைந்து டிசம்பரில், நத்தாருக்கு, அவன் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் விருந்து வைத்தார்கள். முதலாளி ஒரு வேட்டைப் பைத்தியம். ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்காட்டில் வழிகாட்டியோடு ஏழு நாள் மலைச்சிங்க வேட்டை என்று ஒழுங்கு செய்து வைத்திருந்த மனிதர், ஏணியால் விழுந்து காலை முறித்துக்கொண்டார். வீணாய்ப் போகாமல் அந்த இடத்தையே குலுக்கலில் முதற் பரிசாக வைத்துவிட்டார். இரண்டாம் பரிசு ரீவி. துவக்கை வாழ்க்கையில் தொட்டறியாத மரியரட்ணத்துக்கு முதற் பரிசு விழுந்தது.

“ரீவி விழுந்தவனோட மாத்திப்போட்டு வா தம்பி,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “உனக்கென்ன விசரே?”

“நான் போறன் அண்ணை. உதுக்குள்ள கிடந்து சுவரைப் பாக்கிறதுக்குச் சிங்கத்தைப் பாக்கலாம்.”

“சிங்கம் உன்னைப் பாத்தால்?”

“அதுகும் பாக்கட்டுமன்!”

போனான். பொழுது விடிய முதல் எழும்பிப் பனிவண்டியில் காட்டுப் பாதையெல்லாம் ஊர்வதுதான் அங்கே வேட்டை. முன்னே வேர்ன் என்ற தாடிக்கார வழிகாட்டி, பின்னே இரண்டு வேட்டைநாய்கள் அடைத்த பெட்டி, நடுவில் இவன். புதுப் பனியில் தடம் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, வேர்ன் நத்தை மாதிரி ஓட்டினான். நாலு நாளாக முயல் தடமும் மான் தடமும்தான். மரியரட்ணத்துக்கு உடம்பெல்லாம் ஊர்ந்தது. இறங்கி நடப்போம் என்று சைகை காட்டினான். வேர்ன் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் தடம் கண்டார்கள். தேத்தண்ணிச் சோசர் அளவு, வட்டமாய், நகம் பதியாத தடம். வேர்ன் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு நாய்களை அவிழ்த்துவிட்டான். அவை நீட்டி நீட்டி ஊளையிட்டபடி மலையின் மறுபக்கம் போயின. வேர்ன் கையை உயர்த்தி, கேள் என்றான். முக்கால் மணித்தியாலம் கழித்துச் சத்தம் மாறியது. ஊளை நின்று, ஒரே இடத்தில் வெட்டி வெட்டிக் குரைக்கும் சத்தம். மரத்தில் ஏற்றிவிட்டன என்று அர்த்தம்.

முழங்கால் புதையப் புதைய ஏறிப் போனார்கள். உயரமான ஊசியிலை மரம் ஒன்றின் கிளையில் அது படுத்திருந்தது. சிங்கம் என்று பேர்தான். பிடரிமயிரும் இல்லை, கர்ச்சனையும் இல்லை, மண்ணிறத்தில் நீண்ட வாலோடு ஒரு பென்னம்பெரிய பூனை. கீழே துள்ளுகிற நாய்களை அது கணக்கெடுக்கவில்லை. மரியரட்ணத்தையே பார்த்தது. இவனும் அசையாமல் நின்றான். ஐயோ, இதை எப்படிச் சுடுகிறது!

வேர்ன் உடனே சுட விடவில்லை. இவனை நிற்கச் சொல்லிவிட்டு மரத்தைச் சுற்றி அகல வட்டமடித்துப் பனியைத் தேடினான். அதுதான் அவன் வேலை செய்கிற முறை. திரும்பி வந்து இரண்டு விரலைக் காட்டினான். பக்கத்துப் பாறையடியில் சின்னத் தடங்கள், இரண்டு குட்டிகள். தாயைச் சுடக்கூடாது, சட்டமும் விடாது, அவனும் விடமாட்டான். மரியரட்ணத்துக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மாதாவே என்று சத்தம் போட்டே சொன்னான்.

அதோடு இறங்கி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கையில் கமரா இருந்ததே! ஒரு படம், ஒரே ஒரு படம் என்று வேர்னைக் கெஞ்சினான். வேர்ன் குண்டுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறுந்துவக்கை நீட்டினான். நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கு, தலையில் பச்சைத் தொப்பி, காலில் பனிச் சப்பாத்து, காலடியில் வேட்டைநாய். மரியரட்ணம் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான்.

ரொறொன்ரோ வந்ததும் இரண்டு பிரதி எடுத்தான். ஒன்றைப் பிரிஜ் கதவில் ஒட்டினான். மற்றது யூஜினிக்குக் கடிதத்தோடு போனது. நீக்கிலாப்பிள்ளை பால் எடுக்கப் போகும்போதெல்லாம் “வேட்டைக்காரனுக்கு வணக்கம்” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஜனவரி கடைசியில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. தமிழ் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டு நின்ற நீக்கிலாப்பிள்ளை பாலுக்காகப் பிரிஜ்ஜைத் திறக்கப் போனவர், திறக்கவில்லை.

“தம்பி, உதைத்தானே அவளுக்கும் அனுப்பினனீ?”

“ஓம்.”

“துவக்கோட நிக்கிற தமிழன்ர படத்தை! கொழும்பு லொட்ஜுக்கு! இப்ப புலியளைத் தேடிப் பொலிஸ்காரர் எல்லா லொட்ஜையும் கிண்டிக் கொட்டப் போறாங்களடா. உதோட அவளைப் பிடிச்சால் என்னத்தைச் சொல்லுவாள், சிங்கம் எண்டே?”

மரியரட்ணம் பிரிஜ் கதவைப் பார்த்தான். ஐந்து வருடப் பழக்கம் அவன் கண்ணைக் கட்டிவிட்டது. மற்றவன் கார் போல, மற்றவன் பிரிஜ் போல, மற்றவன் துவக்கு என்றுதான் நினைத்தான். கடிதம் எங்கே போகிறது என்று ஒரு கணம் யோசித்தானா, மொக்கன்!

ரெலிபோனைப் பிடித்தவன் விடவில்லை. லைன் கிடைக்கவில்லை. வேலைக்குப் போனான், இடைவேளையில் அடித்தான், வீட்டுக்கு வந்து அடித்தான். அடிக்காத நேரம் ஸ்டீல்ஸ் வீதியில் மேற்கே நடந்தான், திரும்பிக் கிழக்கே நடந்தான். கடித வழியை மனதில் போட்டுப் பார்த்தான். இன்னும் வந்திராது, வழியில் துலைந்திருக்கும், துலையட்டும். தன் கடிதம் துலைய வேண்டுமென்று சந்தியோகுமையாருக்கு நேர்த்தி வைத்தவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மூன்றாம் நாள் லொட்ஜ் மனேச்சர் எடுத்தார்.

“யூஜினியையும் இன்னும் நாலு பொம்பிளையளையும் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போட்டினம், தம்பி.”

“காயிதம்... என்ர காயிதம் வந்ததே?”

“குண்டு வெடிச்ச அண்டைக்குக் காலமைதான் வந்தது. கையில குடுத்தனான். பின்னேரம் அவங்கள் வந்திட்டாங்கள்.”

நீக்கிலாப்பிள்ளை சோறு போட்டுக் கொடுத்தார், இறங்கவில்லை. பிரிஜ்ஜில் இருந்த படத்தைக் கிழித்து எறிந்தான். கிழித்து என்ன? மற்றது அங்கே கிடக்கிறதே. நான்தான் அவளைப் பிடித்துக் கொடுத்தேன், நான்தான் என்று பேஸ்மென்றுக்குள் மேலும் கீழும் நடந்தான். “இரு தம்பி, இரு” என்றார் அவர். எங்கே குந்தி இருக்கிறது?

ஞாயிறு பூசை முடிந்து வந்து அடித்தபோது யூஜினியே வந்து பேசினாள்.

“யூஜினி! உமக்கு ஒண்டுமில்லையே? அடிச்சவங்களோ?”

“அடிக்கேல்லை. மூண்டு நாள் பொலிசில மர வாங்கில இருத்தி வச்சவங்கள். நேற்று விட்டிட்டாங்கள்.”

“படம்?”

“கண்ட உடனயே கத்தரிக்கோல் எடுத்தனான். கையில இருந்ததை மட்டும் வெட்டுவம் எண்டு பாத்தன், அது நெஞ்சுக்குக் குறுக்கால கிடக்கு. அதை எடுத்தால் நீங்களும் போறியள். போங்கோ எண்டு வெட்டித் தேத்தண்ணி அடுப்பில போட்டிட்டன். மிச்சத்தைப் பைபிளுக்குள்ள வச்சன். நாயும் உங்கட ரெண்டு சப்பாத்தும்.”

“பிறகு?”

“அவங்கள் பைபிளை உதறேக்க அது விழுந்தது. ஆற்ர நாய் எண்டு அரைகுறைத் தமிழில ஒருத்தன் கேட்டான். என்ர மனுசன்ர எண்டன். பேரென்ன எண்டான். ஜிம்மி எண்டன்.”

“அது பெட்டை நாய். பேர் மேபல்,” என்றான் மரியரட்ணம். அந்த நேரத்திலும் அவனுக்கு அது முக்கியமாகப் பட்டது.

“மனுசன்ர தலை எங்க எண்டு கேட்டான். நான்தான் வெட்டினனான் எண்டன். ஏன் எண்டான். ஐஞ்சு வருசமாய் அந்த மனுசன் ஊர் சுத்தித் திரியுது, நான் இந்த அறைக்குள்ள கிடக்கிறன், எனக்கு அவரில சரியான கோவம் எண்டன். பக்கத்தில நிண்ட பெரியவன் சிரிச்சுப்போட்டுத் துண்டைத் திருப்பித் தந்தான்.”

மரியரட்ணத்துக்கு மூச்சு வந்தது. கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

“கெட்டிக்காரியப்பா நீர்! என்னமாய்ப் பொய் சொல்லித் தப்பியிருக்கிறீர்!”

சிரித்துக்கொண்டே நீக்கிலாப்பிள்ளைக்குக் கையைக் காட்டினான்.

“நாயின்ர பேர் மட்டுந்தான் பொய்,” என்றாள் யூஜினி.

மரியரட்ணத்தின் சிரிப்பு நின்றது. ரெலிபோன் வயர் எட்டும் வரை பின்னால் போய், பேஸ்மென்ற் படியில் குந்தி இருந்தான்.