மாமியின் கால் வலி

“…முறுக்குப் பொட்டலத்தக் கைப்பையில வெக்கத் தெரிஞ்சுது, மாத்திரைய வெக்கத் தெரியலியா உனக்கு?” என்று மாமி பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவைக் கேட்டாள். அம்மா என் சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். பின்னல் கோணிக்கொண்டு போனது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது பம்பாய் விமான நிலையத்தில். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. சென்னையில் ஏறினால் மக்காவுக்குப் பக்கத்து ஜித்தாவில்தான் இறக்கம் என்றார்கள். மழையில் அந்த விமானம் கிளம்பவே இல்லை. வேறொன்றில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பெட்டிகள் எங்கே என்று கேட்டால், பின்னால் வருமாம். “நம்ம சேலம் பஸ்ஸுகூட இப்படிப் பண்ணாதுங்க. மலை ரோட்டுல மரம் விழுந்தா, குப்பனூர் சுத்தியாச்சும் ஊடு சேர்த்திரும்” என்று மாமி சொன்னதற்கு எங்கள் உம்ரா யாத்திரைக் குழுவே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

உம்ராவுக்குப் போகிற பேச்சு நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டதாம். எங்கள் மலையூரில் ஒண்டிக்கடை முக்கில் மிளகும் காப்பித்தூளும் விற்றுக்கொண்டிருந்த அத்தா, நோன்புப் பெருநாள் முடிந்ததும் ‘அடுத்த வருசம் போயிரலாம்’ என்பார். அத்தாவின் அக்காதான் மாமி. கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். “உன்ற அடுத்த வருசத்தக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு” என்பாள். ஒருவழியாக நாள் குறித்ததும், பெண்கள் இருவருக்கும் ஒரே கவலை வந்தது. மாதவிடாய் வந்துவிட்டால் பள்ளிவாசலுக்குள் போய்க் கஅபாவைச் சுற்றிவர முடியாது. மக்காவில் எங்களுக்கு இருந்ததோ சில நாட்கள். அதனால் டாக்டரம்மாவிடம் கேட்டு, அதைத் தள்ளிப்போடும் மாத்திரையை இருவரும் விழுங்கிவந்தார்கள். நடுவில் விட்டால் வந்துவிடும். அம்மாவுடையது பெட்டியோடு போய்விட்டது.

இதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: மாத்திரை கிடைக்காவிட்டால் அம்மா செத்துப்போய்விடுவாள்.

“அத்தாகிட்டப் போயி, அம்மாவுக்கு மாத்திரை வேணுமாம்னு மெதுவாச் சொல்லு கண்ணு” என்று அம்மா அனுப்பினாள். ‘மெதுவா’ என்பதை நான் வழியிலேயே தொலைத்துவிட்டேன். தைக்காத வெள்ளைத் துணிகளை உடுத்திய ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் இடுப்புப் பையைத் திறந்தார்கள். காய்ச்சல் மாத்திரை, வாயு மாத்திரை, சர்க்கரை மாத்திரை. “அம்மாவுக்கு நொம்ப முடியலியா சாமி?” என்று ஒரு பெரியவர் கையேந்தி துஆ ஓதவே ஆரம்பித்துவிட்டார். மடி நிறைய மாத்திரையோடு நான் திரும்பியதைப் பார்த்து அம்மா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அத்தாவுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் காது சிவக்க மருந்துக்கடையைத் தேடி ஓடினார். தமிழையும் கைஜாடையையும் வைத்துக்கொண்டு அங்கே என்ன கேட்டாரோ, ஒரு தலைவலித் தைலத்தோடு வந்து நின்றார். உம்ராவுக்கான உடுப்பில் வாசனை ஆகாது என்பதுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது.

அதற்குள் அடுத்த இடி. விமானம் இன்னும் தாமதம். அதுவும் நேராகப் போகாது, மஸ்கட் போய் அங்கே மாறவேண்டும். அம்மா உடைந்துவிட்டாள். “இத்தன வருசம் காத்திருந்து, வெளிய நின்னு பாத்துட்டு வரவாங்க்கா போறேன்?”

மாமி தன் பையைத் திறந்தாள். ஓர் அட்டை மாத்திரையை எடுத்து அம்மாவின் கையில் திணித்தாள்.

“அப்ப உங்களுக்குங்க்கா?”

“எனக்கெல்லாம் நின்னுபோச்சு. வயசென்ன கொஞ்சமா? டாக்டரம்மா குடுத்தாளேன்னு முழுங்கிட்டிருந்தேன். வாயத் தொறந்து போடு, பேசாத.”

அம்மா நம்பினாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

பம்பாயிலும் மஸ்கட்டிலுமாக எங்களைப் போட்டு உலர்த்திவிட்டுத்தான் மக்கா சேர்த்தார்கள். எல்லோரும் ஹரம் பள்ளிவாசலுக்குக் கிளம்பியபோது, மாமி கால் வலி என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். “புள்ளையும் தொவண்டு கெடக்கறா. எங்கூடவே இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க.” எனக்குக் கொண்டாட்டம். ஆனால் மாமி விளையாட வரவில்லை. அறை ஜன்னலில் ஒரு மினாராவின் நுனி மட்டும் தெரிந்தது. அவள் அதைவிட்டு நகரவே இல்லை.

ஊர் கிளம்பும் முன் அவளும் அத்தாவோடு அவசர அவசரமாகப் போய்வந்தது பிறகு நடந்த கதை. அந்தச் சாயங்காலத்தில், அப்படி வாய்க்கும் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா திரும்பிவந்தபோது அழுது அழுது கண் வீங்கியிருந்தது, நடந்து நடந்து காலும் வீங்கியிருந்தது. குளியலறைக்குள் போனவள், அங்கே மாமி அலசிக் காயப்போட்டிருந்த பழந்துணியைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“பொய் சொல்லிட்டீங்களேக்கா.”

“ஆமா, பெரிய பொய்யி. காலப் பாரு, பன்னு மாதிரி. பாத்து நடக்கத் தெரியுதா உனக்கு?” என்று திட்டிக்கொண்டே மாமி கீழே இறங்கி அம்மாவின் காலை மடியில் தூக்கி வைத்து அமுக்கத் தொடங்கினாள். அம்மா இழுத்துப் பார்த்தாள். மாமி விடவில்லை.

கால் வலி மாமிக்குத்தானே, அவள் எதற்கு அம்மாவின் காலை அமுக்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கலாமா என்று பார்த்தேன். மாமி அதற்குள் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.