முதுகுக்குப் பின்னால ஓடுன எஞ்சின்

என் முன்பல்லுல ஒரு பள்ளம் உண்டு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியக் கடிச்சுக் கடிச்சு விழுந்த பள்ளம். பாக்குதவங்க, சின்ன வயசுல எங்கயாவது விழுந்து வாரியிருப்பான்னு நினைச்சுக்கிடுவாங்க. நானும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுருவேன்.

எனக்குக் காது கேக்காது. முழுச் செவிடு இல்ல, பாத்துக்கிடுங்க. வலது பக்கம் நின்னு பேசுனா முக்காவாசி விளங்கும். இடது பக்கம்னா வாயசைவைப் பாத்துச் சமாளிக்கணும். சொந்த ஊரு உவரி. இருபது வருசத்துக்கு மேல கடற்கரையில வள்ளத்து எஞ்சினுக்கு வேலை பாத்தேன். சைலன்சர்னு ஒண்ணு பேருக்கு இருக்கும், உப்புக்காத்துல அதுவும் உதிர்ந்து போயிருக்கும். அந்த டீசல் எஞ்சின் பக்கத்துல தலையக் கொண்டு போயி வச்சாத்தான் வேலை நடக்கும். பொறவு பிள்ளைங்க படிப்புக்காக பாளையங்கோட்டைக்கு வந்து கார் ஒர்க்‌ஷாப் போட்டேன். பிள்ளைங்க படிச்சு முடிச்சு வெளியூருக்குப் போயாச்சு. காதும் அப்படித்தான் போச்சு. கண்ணு போனா இருட்டு வரும், தெரிஞ்சிரும். காது போனா நமக்கு ஒண்ணும் தெரியாது. ஊருதான் பைய பேசுத மாதிரி இருக்கும்.

முதல்ல கண்டுபிடிச்சவ என் வீட்டுக்காரி. அவ கடைக்குப் போகும்போது, "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. நான் குக்கரைப் பாத்துக்கிட்டே, பக்கத்துலயே, நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். அவ திரும்பி வரும்போது பருப்பு கரிஞ்சு வீடெல்லாம் நாத்தம். "ஊரு எஞ்சினையெல்லாம் கேட்டு நோய் சொல்லுதிய, வீட்டுல குக்கர் கேக்கலியா"ன்னு சிரிச்சா. சிரிச்சவ பாதியில நிறுத்திட்டா. மறுநாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. கீச்சு, விசில், டிக்டிக்னு வாற மெல்லிசான சத்தமெல்லாம் போயாச்சு, அடிச் சத்தம் மட்டும் மிச்சம்னு அவர் படம் போட்டுக் காட்டுனாரு. காதுக்கு ஒரு மிசினும் தந்தாரு. ஒர்க்‌ஷாப்புல அதை மாட்டுனா மண்டைக்குள்ள நூறு தகரம் உருளும். பீரோவுல கிடக்கு.

எங்க தொழில்ல ஸ்க்ரூடிரைவர் நுனிய எஞ்சின்ல ஊனி, கைப்பிடியக் காதுல வச்சுக் கேக்குதது எல்லாரும் செய்யுத வேலை. நான் கைப்பிடியப் பல்லுக்கு மாத்திக்கிட்டேன். உள்ள எது இடிக்குது, எது ஆடுதுன்னு பல்லுல வந்து தட்டும். வாடிக்கைக்காரங்க அதை ஏதோ பெரிய கைப்பக்குவம்னு நினைச்சாங்க. வீட்டுக்காரியத் தவிர யாருக்கும் நான் சொல்லல. காது கேக்காத மெக்கானிக்கிட்ட எவன் வே வண்டிய விடுவான்?

சொல்லாம இருந்ததுக்குப் பலன் வந்துச்சு. கல்லூரி வாத்தியார் ஒருத்தர், தங்கமான மனுசன், என்கிட்டதான் வண்டி விடுவாரு. "அண்ணாச்சி, முன்பக்கம் கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருது, நாளைக்கு அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்"ன்னாரு. பல்லுல வச்சுப் பாத்தேன். கீச்சு பல்லுக்கு வராதுல்லா. "ஒண்ணுமில்ல, தைரியமாப் போயிட்டு வாங்க"ன்னுட்டேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போது பெல்ட் அறுந்து நடு ரோட்டுல வண்டி நின்னுட்டு. பின்னால வந்த லாரி ஒரு முழம் இடைவெளியில விலகிப் போயிருக்கு. அந்தப் பேய்க்காத்துல அந்தம்மா ரோட்டோரக் கம்பியில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. திரும்பி வந்த வாத்தியார் ஏசல. "நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன் அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னாரு. ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட ஆறியிருக்கும். அப்பவும் நான் காதைப் பத்தி வாயத் திறக்கல. அவரும் அதுக்குப் பொறவு வரல.

அன்னைக்கே ஒர்க்‌ஷாப்பை மூடிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். எஞ்சின் என்ன சொல்லுதுன்னு தெரியாதவன் மெக்கானிக்கா? வெறுமனே நட்டு முறுக்குதவன். வீட்டுக்காரிதான், கையில இருக்கிற வேலையையாவது முடிங்கன்னு இழுத்துப் பிடிச்சா.

அந்த நேரத்துலதான் பல் டாக்டரம்மா வந்தாங்க. பாளையங்கோட்டைப் பழைய வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், நாப்பது வயசிருக்கும். கையில ஒரு தடி நோட்டு. ரேஸ் டிராக்குல மட்டும் ஓட்டுத மாதிரி, எஞ்சின் நடுவுல, ஓட்டுதவங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற மாதிரி ஒரு காரு, நாமளே செய்யணும்னாங்க. நோட்டு முழுக்க அளவும் படமும். எதுக்கு டாக்டரம்மா இந்த வம்புன்னு கேட்டேன். "நாள் முழுக்கக் குனிஞ்சு அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாக்குதேன் அண்ணாச்சி. ஒரு நாளாவது நிமிந்து தூரமாப் பாக்கணும்"னாங்க. இதுல சத்தம் கேட்டுச் சொல்லுத வேலை கிடையாது, அளக்கணும், அறுக்கணும், பத்த வைக்கணும், அவ்வளவுதானேன்னு நானும் தலையாட்டிட்டேன். இதை முடிச்சுட்டுக் கடையச் சாத்திரலாம்னு மனசுக்குள்ள கணக்கு.

ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு வந்துருவாங்க. பட்டுச்சேலையில வந்து, மேல ஒரு பழைய கோட்டை மாட்டிக்கிடுவாங்க. சதுரக் குழாய் அறுத்து சட்டம் கட்டுனோம். வெல்டிங் அவங்கதான். பல்லு அடைக்கிற கைல்லா, ஒரு சொட்டு கூடுதலா விழாது. மோதி நசுங்கிக் கிடந்த ஒரு காருலருந்து நாலு சிலிண்டர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே கழட்டி எடுத்தோம். முன்னால இருந்ததைப் பின்னால கொண்டு வைக்கணும்.

அதுலதான் என் புத்திய நான் காட்டுனேன். சைலன்சர் குழாய் பின்பக்கம் பாத்தாத்தானே வசதின்னு எஞ்சினை அரை வட்டம் திருப்பி வச்சு, தாங்கிக்கு அளவும் எடுத்துட்டேன். வள்ளத்துல பின்னால எஞ்சின் வைக்கிறவனுக்கு யாரும் சொல்லித் தரணுமோன்னு ஒரு மிதப்பு. டாக்டரம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "அண்ணாச்சி, இப்படித் திருப்பி வச்சா முன்னால போக ஒரு கியரு, பின்னால போக அஞ்சு கியருல்லா"ன்னாங்க. யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிச் சமாளிச்சேன். வண்டியோட முன்மூக்குக்கு ஃபைபர் போட உவரியில வள்ளம் செய்யுத எனக்குத் தெரிஞ்சவர்கிட்ட குடுத்தோம். அவரு கடல் அலை தாங்குத கனத்துக்குப் போட்டுத் தந்துட்டாரு. ரெண்டு பேரு சேந்து தூக்குனாத்தான் அசையும். தேய்ச்சுத் தேய்ச்சு கை ஓய்ஞ்சு போச்சு.

எங்களுக்குள்ள சண்டைன்னு வந்தது ஒரே ஒரு விசயத்துலதான். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரப்பர் வைக்கணும், இல்லைன்னா அத்தனை அதிர்வும் நேரா உடம்புக்கு வரும். நான் ரப்பர் வாங்கியே வச்சிட்டேன். டாக்டரம்மா வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. "ரேஸ் வண்டியில எஞ்சின் ஆடப்படாது அண்ணாச்சி, இரும்போட இரும்பா முறுக்கிருங்க." "பல்லெல்லாம் கழண்டுரும் டாக்டரம்மா"ன்னேன். "கழண்டா நான் கட்டிக்கிடுதேன்"னாங்க. அவங்க வண்டி, அவங்க முதுகு. முனகிக்கிட்டே முறுக்கினேன்.

சீவலப்பேரி ரோட்டுல, ஆத்துப் பக்கமா, பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, வீடே வராமக் கிடந்த இடம் ஒண்ணு அவங்க சொந்தக்காரங்களுது. அங்கனதான் ஒரு காலையில இறக்கினோம். முதல்ல நீங்கதான் ஓட்டணும்னு டாக்டரம்மா ஒரே பிடியா நின்னாங்க. உக்காந்தேன். சீட்டுன்னா ஒரு ஃபைபர் கிண்ணம், நேரா சட்டத்துல முறுக்கியிருக்கு. அதுக்குப் பின்னால ஒரு தகடு, தகட்டுக்குப் பின்னால எஞ்சின். சாவியத் திருப்பினேன்.

என்னன்னு சொல்ல. நாலு சிலிண்டரும் என் முதுகுல ஏறி உக்காந்துட்டு. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னு முறை மாறாம அடிக்குது, ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. ஆக்சிலேட்டரை அழுத்தினா அந்த அடி அப்படியே இடுப்புலருந்து தோளுக்கு ஏறுது. நாலு தெரு சுத்திட்டு ஒரு பிளாட் கல்லு பக்கத்துல நிறுத்தினேன். அழுகை வந்துட்டு. அறுபதை நெருங்குத ஆளு, ஹெல்மெட்டுக்குள்ள தேம்பித் தேம்பி அழுதேன். காது போன இத்தனை வருசத்துல ஒரு எஞ்சின் என்கிட்ட முழுசாப் பேசுனது அன்னைக்குத்தான். டாக்டரம்மா தூரத்துல ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க, பக்கத்துல வரல.

பொறவு கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள ரேஸ் டிராக்குக்கு ஒரு நாள் பதிவு பண்ணி, டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போனோம். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை ஓட்ட விடுவாங்க. காலையில டாக்டரம்மா ஆறு சுத்து போயிட்டு வந்தாங்க. ஹெல்மெட்டைக் கழட்டினா முகமெல்லாம் சிரிப்பு. "மத்தியானம் முழு வேகத்துல போகப் போறேன். எஞ்சின் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி"ன்னாங்க.

பக்கத்து ஷெட்டு மெக்கானிக் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, "பூ மாதிரி ஓடுதுங்க"ன்னாரு. சுத்தி நின்னவங்களும் ஆமான்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டியிருந்தா வேலை முடிஞ்சுது. ஆரல்வாய்மொழிக் காத்துல உக்காந்திருந்த அந்தம்மா ஞாபகம் வந்துட்டாங்க. ஒரு நிமிசம் இருங்கன்னு சொல்லிட்டு நான் சீட்டுல ஏறி, சாய்ஞ்சு, ஸ்டார்ட் பண்ணினேன். ஏத்திப் பிடிச்சேன், விட்டேன். ஏத்திப் பிடிச்சேன், விட்டேன். ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும், இடது தோள்பட்டைக்குக் கீழ, ரெண்டு சிலிண்டர் அடிக்கு நடுவுல ஒரு சின்னத் தட்டு. சீவலப்பேரியில அது இல்ல.

அணைச்சுட்டு, "இன்னைக்கு ஓட்ட வேண்டாம் டாக்டரம்மா. உள்ள பேரிங் போகப் போகுது. வேகத்துல போனா எஞ்சின் வெடிச்சு உங்க முதுகுலதான் வந்து விழும்"னேன்.

பக்கத்து ஷெட்டுக்காரர் சிரிச்சாரு. "எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கலியே, உங்களுக்கு மட்டும் கேக்குதாக்கும்?"

"எனக்குக் கேக்கல"ன்னேன். "எனக்குக் காதே கேக்காது. முதுகுல தெரிஞ்சுது." இத்தனை பேர் முன்னால, அதுவும் டாக்டரம்மா முன்னால சொல்லிட்டேன். இவ்வளவு நாள் செவிடன்கிட்டயா வண்டியக் குடுத்தோம்னு கேட்டா நான் என்ன சொல்ல? ஆனா அவங்க ஒண்ணுமே கேக்கல. குனிஞ்சு சாவிய எடுத்தாங்க, கோட்டுப் பையில போட்டாங்க. "டிரெய்லர்ல ஏத்திருவோம்"னாங்க. ஒரு வருசம் காத்திருந்த நாளு, அது பாதியோட போச்சு.

ஊரு திரும்புத வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளல. பிரிச்சுப் பாத்து ஒண்ணுமில்லைன்னா அதோட நான் ஒழிஞ்சேன்னு நினைச்சேன். மறுநாள் காலையில எஞ்சினுக்கு அடியில உள்ள ஆயில் தொட்டிய, அந்தச் சம்ப்பைக் கழட்டினேன். டாக்டரம்மா கிளினிக்கைத் தள்ளிப் போட்டுட்டு வந்து டார்ச் பிடிச்சாங்க. முதல் சிலிண்டர் பேரிங் நல்லாருக்கு. ரெண்டாவதும் நல்லாருக்கு. மூணாவதைத் திறந்தா, வெள்ளிப் பூச்சு முழுக்க வழிச்சுப் போயி, செம்பு பளபளன்னு சிரிக்குது. டிராக் வளைவுல வேகமாத் திரும்பும்போது ஆயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயில் பம்ப்பு காத்தை உறிஞ்சியிருக்கு. சம்ப்புக்குள்ள தடுப்புத் தகடு வைக்காம விட்டது என் தப்புதான். அதைச் சொன்னேன்.

டாக்டரம்மா அந்தப் பேரிங்கை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பொறவு என் வலது பக்கம் வந்து நின்னு, "உங்க முன்பல்லுல ஒரு பள்ளம் இருக்குல்லா அண்ணாச்சி, முதல் நாளே பாத்தேன். மறுவாரம் நீங்க ஸ்க்ரூடிரைவரைக் கடிச்சதும் எதுக்குன்னு விளங்கிட்டு"ன்னாங்க.

எனக்கு முதல்ல வந்தது கோவம். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லலியே."

"தெரிஞ்சும் என்கிட்டயா வேலையக் குடுத்திய?"

"தெரிஞ்சுதான் ரப்பர் வேண்டாம்னேன்."

நான் அப்படியே வண்டிக்கடியில சரிஞ்சு படுத்து, கழட்டின சம்ப்பையே மறுபடியும் துடைச்சேன். டாக்டரம்மா ஏற்கெனவே முதுகு வலிக்கு மாத்திரை போடுத ஆளுன்னு அவங்க கிளினிக் நர்ஸ் ஒரு தடவ சொன்னது அப்பதான் ஞாபகம் வந்துச்சு. வெளிய வந்ததும், பல்லுல உள்ள பள்ளத்தை அடைச்சு விடட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன், கைப்பிடி அங்கனதான் ஒழுங்கா உக்காருது.

அன்னைக்குச் சாயங்காலமே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரியும் கூட வந்தா. வாசல்ல நின்னமேனிக்கு எல்லாத்தையும் சொன்னேன். காது கேக்காதது, பல்லுல பாக்குதது, அன்னைக்கு அந்தக் கீச்சு எனக்குக் கேக்கவே இல்லைங்கது. இனிமே கீச்சுச் சத்தம் வந்தா நீங்கதான் கேட்டுச் சொல்லணும், இடிக்கிற சத்தத்தை நான் பாத்துக்கிடுதேன்னும் சொன்னேன். வாத்தியார் தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாரு. உள்ள கட்டில்ல உக்காந்திருந்த அவங்க அம்மா என்னமோ சொன்னாங்க. வாயசைவு தெரியுத தூரம் இல்ல. நான் முழிச்சேன்.

வாத்தியார் எழுந்திரிச்சு, சுத்தி என் வலது பக்கம் வந்து நின்னாரு. "வியாழக்கிழமை மறுபடியும் நாகர்கோவில் போகணும் அண்ணாச்சி. அதுக்கு முந்தி வண்டிய நீங்க ஒரு சுத்து ஓட்டிப் பாப்பீங்களான்னு அம்மா கேக்காங்க."