பதினோரு வரிகளுக்கு அனுமதி

முகம் தெரியாத அந்த ஆளுக்கு இருபத்து மூன்றாவது மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் நாஸியா. இணையத்தில் அவர் எப்போதோ போட்டுவைத்த பதினோரு வரி நிரலைத் தன் நிரலில் சேர்க்க அனுமதி கேட்கிறாள். அனுப்பிய வேகத்தில் கடிதம் திரும்பி வருகிறது. அந்த முகவரியே இப்போது இல்லை. "அடுத்த வாரம் இன்னொருக்கா போட்டுப் பாக்கலாம்க்கா" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சூளகிரித் தொழிற்பேட்டையில் மோட்டார்களின் இரைச்சலைச் சோதிப்பது அவள் வேலை. ஆராய்ச்சிக்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்கு, வீட்டில் உட்கார்ந்து கூடுதல் தொகுப்பு ஒன்றை எழுதியிருக்கிறாள். எந்த ஒலிப்பதிவிலிருந்தும் தாழ்ந்த உறுமலைத் தனியே பிரித்துவிடும். என் ஆய்வுக்காக ஜவளகிரிக் காட்டோரம் நான் பதிவு செய்த யானைக் குரல்களை அவள் கணினியில் ஓட்டிப் பார்த்தோம். கச்சிதமாகப் பிரித்தது. ஆனால் அடுத்தவரின் வரிகள் அனுமதியில்லாமல் உள்ளே இருக்கும்வரை அதற்கு உரிமம் போட மாட்டாள்; உரிமம் இல்லாமல் கையிலும் தர மாட்டாள். உரிமமில்லாத மென்பொருளின் முடிவுகளைப் பல்கலைக்கழகமும் ஏற்காது. இந்த மாதக் கடைசியில் நான் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு வீண்.

"நெட்ல சும்மா கெடந்ததுதானே?" என்றேன்.

"ரோஸ் செடி வேலிக்கு வெளிய நீட்டிட்டிருந்தா பறிச்சிட்டுப் போயிருவீங்களாக்கா?" பாகலூர்க்காரி. ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவளிடம் வேறென்ன பதில் வரும்!

"அப்ப அந்தப் பதினோரு வரிய நீயே எழுதித் தொலையேன்."

"நாந்தான் அதப் பாத்துட்டனே. எழுதுனா அதேதான் வரும்."

கடைசியில், அந்த வரிகளைப் பார்த்திராத முனிராஜைப் பிடித்தாள். உடன் வேலை செய்பவர், நிரல் எழுதத் தெரிந்தவர். திரையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, உள்ளே என்ன போகும், வெளியே என்ன வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஒருமுறை அவர் எட்டிப் பார்க்கப் போக, "அண்ணா, பாத்தீங்கன்னா நீங்களும் ஆவ மாட்டீங்க!" என்று அதட்டினாள். ஐந்து நாள் பிடித்தது. பதினோரு வரி வேலை முப்பது வரியானது. "இந்தப் பொண்ணுகிட்ட வந்து மாட்டிக்கிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார் மனிதர். அவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டாள்.

ஆறாம் நாள் மாலை தொகுப்பு உரிமத்தோடு இணையத்தில் ஏறிவிட்டது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பதிவிறக்கும் பொத்தானை நோக்கி விரலை நீட்டினேன். நாஸியா என் விரலைப் பிடித்து, உரிமத்தின் முதல் வரியில் வைத்தாள்.

"படிங்கக்கா."