அப்பாவுக்கு மாலை போட்ட விளம்பரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து விழுந்த பேப்பரைப் பிரித்தால், நடுப்பக்கத்தில் என் அப்பாவின் படம். சாமந்தி மாலையோடு.

அப்பா அப்போது உள்ளே ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் அங்கே வரக் காரணம் நான்தான். நான் விளம்பர ஏஜென்சியில் காப்பிரைட்டர், அதாவது வாசகம் எழுதுகிற ஆள். தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும் நேரம் இது. அதில் ஒன்று எங்கள் கிளையன்ட். ஆயுள் காப்பீட்டுக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம். ஐம்பது வயது தாண்டிய குடும்பத் தலைவர் ஒருவர் ஜன்னலோரம் நின்று சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் ஐடியா.

ஷூட்டிங் அன்று காலை, பேசி வைத்திருந்த நாடக நடிகருக்கு மஞ்சள் காமாலை என்று செய்தி வந்தது. ஸ்டுடியோ புக் ஆகிவிட்டது. ஆர்ட் டைரக்டர் ரோஹித் என்னைப் பார்த்தான். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று தட்டு இட்லி சாப்பிட்டவன் அவன்.

"உன் அப்பாவைக் கூப்பிடேன். பார்த்தாலே நம்பத் தோன்றுகிற முகம்" என்றான், இந்தியில்.

அப்பா மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். லீவே போடாதவர். எனக்காக அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஸ்டுடியோவுக்கு வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. மேக்கப் போட வந்த பெண்ணிடம், "நஹீ பேட்டி, டீக் ஹை", இப்படியே இருக்கட்டும் என்று மறுத்துவிட்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு ஒரு ஃபாரம் உண்டு. மாடல்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. அப்பா படித்தார் — ஒவ்வொரு வரியாக. 'படத்தை எந்த விதத்திலும் பயன்படுத்தலாம்' என்ற வரியில் பேனாவை வைத்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சும்மா ஃபார்மாலிட்டிப்பா என்றேன். போட்டுவிட்டார்.

சிரிக்கத்தான் வரவில்லை. போட்டோகிராஃபர் சொன்னதற்கெல்லாம் பல்லைக் காட்டினார், அது சிரிப்பாக இல்லை. கடைசியில் அவர் சலித்துப்போய், போதும் அங்கிள், முடிந்தது என்று சொன்னதும் அப்பா நிம்மதியாக ஒரு புன்னகை செய்தார். அதைத்தான் கிளிக் செய்தார்கள். அருமையான படம்.

பத்து நாள் கழித்து கிளையன்ட் அந்த விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினார். அழுத்தமாக இல்லையாம். பார்ப்பவர் வயிற்றில் ஏதாவது செய்ய வேண்டுமாம். மறுபடி ஷூட் பண்ண நேரமில்லை. ரோஹித் கம்ப்யூட்டரில் அந்தப் புன்னகையை வெட்டி எடுத்தான், மரச்சட்டத்துக்குள் வைத்தான், சுவரில் மாட்டினான், மாலை போட்டான். கீழே ஒரு காலி நாற்காலி.

"இதுக்கு ஒரு லைன் குடு. ஜல்தி."

இருபது நிமிஷத்தில் கொடுத்தேன். 'அவர் பார்த்துக்கொள்வார் என்றே இருந்துவிட்டோம்.' ரோஹித் கை தட்டினான். கிளையன்ட்டுக்கும் பிடித்துவிட்டது.

எதிரே திரையில் என் அப்பா மாலையோடு இருக்கும்போது எப்படி எழுதினாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அப்போது அது அப்பாவாகவே தெரியவில்லை. லேஅவுட்டாகத்தான் தெரிந்தது. ஆபீஸிலிருந்து இறங்கி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வயிற்றில் என்னவோ செய்தது. அன்றே வீட்டில் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் தள்ளினேன்... பத்தாம் நாள் பேப்பர்காரர் சொல்லிவிட்டார்.

பேப்பரை ஒளித்து வைக்கத் தோன்றியது. அதற்குள் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கையை நீட்டினார். கண்ணாடியை மாட்டினார். பார்த்தார். கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகள்வரை படித்தார். மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மா காபியோடு வந்தாள். பேப்பரைத் தானே பிரித்தாள். காபி டம்ளரை வைத்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் உருவி, நாலாக மடித்து, எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. தட்டு வைத்தாள், சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் மலை மந்திருக்குப் போய் அப்பா பெயரில் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தாள்.

தமிழ்ப் பத்திரிகைகளிலும் அந்த விளம்பரம் வந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மதுரையிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, போன் செய்தாள். எடுத்தவுடனே ஒரே அழுகை. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. போனை எடுத்தது அப்பாதான். நான்தாம்மா பேசறேன், நல்லாத்தான் இருக்கேன் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் போனை வைத்த பிறகு பக்கத்தில் போய் நின்றேன். "ஸாரிப்பா. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஒருவேளை சரின்னும் சொல்லியிருப்பேன். ஆனா நீ கேட்டிருக்கணும்மா."

திட்டியிருந்தால் அரை மணியில் மறந்திருப்பேன்.

கதை இத்தோடு முடியவில்லை. வியாழக்கிழமை அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்தார். கையில் பழுப்புக் கவர். அப்பா இருக்கும் செக்ஷனின் வேலையே ஊழியர்களின் பிராவிடண்ட் ஃபண்ட், குரூப் இன்ஷூரன்ஸ் ஃபாரங்களைச் சரிபார்ப்பதுதான். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுதித் தருவார்களே — வாரிசு நியமனம் — அந்த ஃபாரம். கல்யாணமானவர் மனைவி பெயரை எழுதாமல் விட்டால், அப்பாவே கூப்பிட்டு உட்காரவைத்து எழுதவைப்பார். இருபத்தேழு வருஷமாக அதுதான் வேலை.

அந்த விளம்பர வரியைப் படித்ததிலிருந்து அப்பாவுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. திங்கட்கிழமை தன் ஃபைலை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அதில் இருந்தது, வேலையில் சேர்ந்த வருஷம் எழுதிக் கொடுத்த பெயர்... அவருடைய அம்மா பெயர். பாட்டி இறந்தே பதினொரு வருஷமாகிறது.

அம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். புது ஃபாரத்தை எடுத்தார். பிறந்த தேதி வேண்டும் என்றார். எதற்கு என்று அம்மா கேட்டாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அம்மா அந்த ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா என் பேர் அதுல இல்லவே இல்லையா?"

"விட்டுப்போச்சு" என்றார் அப்பா.

பிறந்த தேதியைச் சொன்னாள். அப்பா நிறுத்தி நிதானமாக எழுதினார். அம்மா பெயரை எழுதும்போது மட்டும், ரேஷன் கார்டைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே பேசின.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். நாலு நாளைக்கப்புறம்.

"சாப்பாடு ரெடின்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

புரிந்துவிட்டது. கோபம் என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாறியிருந்தது. ஒரு வாரம் நான்தான் தூது. வெள்ளிக்கிழமை ஃபாரத்தைக் கொடுத்து, சீல் போட்ட ஜெராக்ஸ் காப்பியை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை இரண்டு தடவை படித்தாள், பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அடுத்த புதன்கிழமைதான், "என்னங்க, குளிருது, ஸ்வெட்டர் போட்டுட்டுப் போங்க" என்று நேராக ஒரு வாக்கியம் வந்தது. அப்பா மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு போனார்.

கிளையன்ட் எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ரோஹித் அதை போர்டில் குத்தி வைத்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஷூட்டிங்குக்கு வருகிறவர்களிடம் ஃபாரத்தை நீட்டும் முன், நானே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களை நோயாளியாகக் காட்டலாம், கடன்காரராகக் காட்டலாம், மாலைகூடப் போடலாம், யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று.

இதுவரை ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. எல்லோரும் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"முகம் தெளிவா தெரியும்ல?"